நானூற்று முப்பது கிராம்

விண்ணப்பத்தின் ஏழாம் கேள்வி:
"எதிர்பார்க்கும் விளைவு, ஐம்பது சொற்களுக்குள்."
எழுதினேன்:
ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்
தசமப் புள்ளியைக் கண்டு பயப்படமாட்டார்கள்.
மிச்சம் நாற்பத்து மூன்று சொற்களை
அப்படியே விட்டுவிட்டேன்.

எட்டாயிரத்து ஐந்நூறு வந்தது.
தலைமையாசிரியர் பொன்சேகர்
காசோலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்,
பின்பக்கம் ஏதோ நிபந்தனை இருக்கும் என்பதுபோல்.

மஸ்ஜித் பந்தரில் வாங்கியது
முப்பது கிலோ தாங்கும் மின்தராசு ஒன்று,
கைத்தராசு நாலு,
ஐம்பது கிராமிலிருந்து இரண்டு கிலோ வரை இரும்புப் படிக்கற்கள்.
சாக்குப்பை மடியில் கனக்க
பெண்கள் பெட்டியில் உட்கார்ந்திருந்தேன்.
எதிரில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தவர் கேட்டார்:
என்ன விற்கிறாய்?
தசமத்துக்கு இந்தியில் என்ன சொல் என்று
சயான் வரும்வரை யோசித்தேன்.

முதல் வாரம்
கண்ணில் பட்டதெல்லாம் தட்டில் ஏறியது.
காய்ந்த ஷூ 0.410.
தாராவி மழையில் நனைந்த அதே ஷூ 0.685.
பெனிட்டா குனிந்து ஜடையை மட்டும் வைத்து,
தலையில்லாமல் எவ்வளவு டீச்சர் என்றாள்.
புள்ளிக்குப் பின்னால் வருவது சில்லறை
என்றான் இசக்கிராஜ்.
பாடநூலில் அதற்கு நாலு பக்கம்.

ஆகஸ்டில் ஒரு நாள்
ரேஷன் கடையிலிருந்து நேராக
வகுப்புக்கு வந்துவிட்டது அவன் வீட்டு அரிசி.
ஐந்து கிலோ.
தராசு 4.610 என்றது.
தராசில்தான் கோளாறு என்று
இரும்புக் கற்களை ஏற்றினார்கள்: இரண்டு, இரண்டு, ஒன்று.
5.000. மூன்று பூஜ்யமும் அசையவில்லை.
பையின் எடையைக் கழிக்கணும் என்றாள் ரெஹானா.
கழித்தோம்.
4.570.
நியாயம் பார்த்ததில் இன்னும் நாற்பது கிராம் போயிற்று.

அந்த வாரம் பத்தொன்பது பைகள் வந்தன.
சராசரி ஏழாம் வகுப்புப் பாடம்;
கேட்காமலேயே வந்து கரும்பலகையில் உட்கார்ந்தது.
எல்லாப் பையிலும் ஏறக்குறைய ஒரே குறை.
கடைத்தராசுக்கு அப்படி ஓர் ஒழுங்கு.

கடைக்காரர் பள்ளிக்கு வந்தார்.
சத்தம் போடவில்லை. டீ குடித்தார்.
மேலே பார்த்து,
ஃபேன் ஏதாவது மாத்தணுமா சார் என்றார்.

அவர் போனதும் பொன்சேகர் சொன்னார்:
இதோட நிறுத்திக்குவோம் டீச்சர்.
நிறுத்துத்தானே சார் பார்த்தோம் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
மின்தராசு பீரோவுக்குள் போனது,
சாவி அவர் சட்டைப்பைக்குள்.

கைத்தராசுகளை யாரும் கேட்கவில்லை.
அவை வீட்டுப்பாடத்துக்குப் போயிருந்தன,
பதிவேட்டில் என் கையெழுத்தோடு.
செப்டம்பர் வரிசையில்
இசக்கிராஜின் அம்மா ஒன்றைக் கையில் தொங்கவிட்டு
சும்மா நின்றாளாம்.
பைக்குள் ஓர் அள்ளு அரிசி கூடுதலாக விழுந்தது.
அடுத்து நின்றவளுக்கு விழவில்லை.
அதனால் தராசு பின்னால் கைமாறியது.
அப்புறம் அதற்கும் பின்னால்.

அதற்கடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை
வரைபடத் தாள் எடுக்கச் சாவி வாங்கிப் பீரோவைத் திறந்தேன்.
மின்தராசின் தட்டில்
ஏழெட்டு அரிசிமணிகள்.
நான் ஊதவில்லை. துடைக்கவில்லை.
பூட்டிச் சாவியைக் கொடுத்தேன்.
அவர் கோப்பிலிருந்து தலை தூக்காமல் வாங்கிக்கொண்டார்.

இப்போது அறக்கட்டளையிலிருந்து
குல்கர்ணி மேடம் கேட்டிருக்கிறார்:
உபகரணங்களோடு பிள்ளைகள் சிரிக்கும் படம் மூன்று,
ரசீதுகள்,
மீதம் அறுபத்திரண்டு ரூபாய்க்கு விளக்கம்.
எல்லாம் வைத்தேன்.

கடைசிக் கேள்வி:
"அளவிடக்கூடிய பலன். எண்ணில் தரவும்."
0.430 என்று எழுதி ஒட்டி அனுப்பியபிறகுதான்
அலகு போடாதது ஞாபகம் வந்தது.

இசக்கிராஜ் இப்படி எழுதியிருந்தால்
அரை மதிப்பெண் குறைத்திருப்பேன்.